மஞ்சள் பல்பு முதல் டவுன்லைட் வரை



நம் வளாகம் கட்டி முடித்து இருபத்தேழு வருடம் ஆகிறது. இப்போது எந்த மாடிக்குப் போனாலும் டைல்ஸ் வெட்டும் சத்தம். வீட்டைப் புதுப்பிக்கிறவர்களில் பாதிப் பேர் ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள். போட்டதும் எலக்ட்ரீசியன் பென்சிலோடு அண்ணாந்து பார்த்து, "சார், எத்தனை டவுன்லைட்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு நான் 2019இல் தப்பான பதில் சொன்னேன். அதனால் பணமும் போனது, ஒரு ராத்திரி என் அம்மாவை ஆஸ்பத்திரியிலும் வைத்திருக்க நேர்ந்தது. ஏன் தப்பாகச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்ததில் விஷயம் ரொம்பப் பின்னால் போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எலக்ட்ரிகல் படித்தவன் இல்லை, பி.காம். முப்பத்தாறு வருடம் வங்கியில் குமாஸ்தா. கணக்கு மட்டும் சரியாக இருக்கும் என்று நம்பலாம்.

நம்மில் அறுபது தாண்டியவர்களுக்கு முதல் விளக்கு லாந்தர்தான். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் சாயங்காலம் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது என் வேலை. சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது. பைக்காராவில் 1932இல் நீர்மின் நிலையம் வந்தது. தமிழ்நாடு மின்சார வாரியம் 1957இல் அமைந்தது. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு வந்து சேர 1960களின் கடைசி ஆகிவிட்டது. அதற்கு ஒரு பச்சைத் தகரக் குடை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் பல்புக்குள் இருக்கும் கம்பி தணல் மாதிரி சிவப்பாகத் தெரியுமே தவிர, புத்தகம் தெரியாது.

இந்தக் குண்டு பல்பை எடிசன் 1879இல் செய்து காட்டினார். இங்கிலாந்தில் ஸ்வான் என்பவரும் அதே காலத்தில் செய்தார். பிறகு டங்ஸ்டன் கம்பி வந்தது, உள்ளே வாயு நிரப்பினார்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை. ஒரு கம்பியைச் சுட வைக்கிறோம், சூட்டோடு சேர்ந்து கொஞ்சம் வெளிச்சமும் கிடைக்கிறது. 60 வாட் பல்பு ஏறக்குறைய 700 லூமென் வெளிச்சம் தரும். லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு, வாட் என்பது அது தின்னும் மின்சாரம். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

பல்பு வியாபாரத்தைப் பற்றி வணிகவியல் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 1924இல் ஜெனீவாவில் ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்புக் கம்பெனிகள் ஒன்றுகூடி ஒப்பந்தம் போட்டன. ஃபீபஸ் கூட்டு என்று பெயர். அதன்படி எந்தப் பல்பும் 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது. அதற்கு முன் 1,500, 2,000 மணி நேரம் எரிந்த பல்புகள் இருந்தன. கூடுதலாக எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! ஆயுள் குறைந்தால் அதே மின்சாரத்தில் வெளிச்சம் கூடும் என்று அவர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் விற்பனை கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது இந்தக் கூட்டு கலைந்தது.

அடுத்தது டியூப் லைட். 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. என் வாழ்க்கையில் அது 1982இல், நான் வேலையில் சேர்ந்த கிளையில் வந்தது. நாலடி நீளம், 40 வாட், தகரப் பட்டைக்குள் சோக், ஓரத்தில் ஸ்டார்ட்டர். ஸ்விட்சைப் போட்டால் மூன்று தடவை கண் சிமிட்டிவிட்டுத்தான் எரியும். மெதுவாகப் புரிந்துகொள்கிறவனை 'டியூப் லைட்' என்று கூப்பிடும் வழக்கம் அதனால்தான் வந்தது. எங்கள் கிளையில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், ஓய்வு பெற்று நன்றாக இருக்கிறார்.

டியூப் லைட் 2,400 லூமென் தந்தது. சோக்கு தின்பதையும் சேர்த்தால் 50 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். குண்டு பல்போடு ஒப்பிட்டால் ஒரு வாட்டுக்கு நாலு மடங்கு வெளிச்சம். அதைவிட முக்கியம், அது வெள்ளையாக இருந்தது. நம் ஊரில் விற்ற டியூப்களில் பெரும்பாலானவை 'கூல் டேலைட்' என்ற நீலம் கலந்த வெள்ளை. கெல்வின் கணக்கில் 6,500. குண்டு பல்பின் மஞ்சள் 2,700.

என் தப்புக்கு விதை விழுந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். நம் தலைமுறைக்கு மஞ்சள் வெளிச்சம் என்றால் குறைந்த வோல்டேஜ், பழைய வீடு, காசில்லாத காலம். வெள்ளை வெளிச்சம் என்றால் ஆபீஸ், வேலை, முன்னேற்றம். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு டியூப் லைட் கட்டினால்தான் கௌரவம். வெள்ளைக்காரர்கள் வீட்டில் மஞ்சள் விளக்கையே விரும்பி வைத்துக்கொண்டார்கள், நாம் வெள்ளைக்குத் தாவினோம். வெப்பமான ஊரில் நீல வெள்ளை குளிர்ச்சியாகத் தோன்றும் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் என்னைப் பொறுத்தவரை அது மானப் பிரச்சினை.

இடையில் வந்த சிஎஃப்எல்லை வேகமாகக் கடந்துவிடலாம். டியூப் லைட்டை மடித்துச் சுருட்டிய விளக்கு அது. உள்ளே சில மில்லிகிராம் பாதரசம். உடைந்தால் ஜன்னலைத் திற என்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் வீட்டுக்கு வீடு இருந்தது, போய்விட்டது. ஜீரோ வாட் பல்பு மட்டும் நினைவிருக்கிறதா? அது ஜீரோ வாட் இல்லை, 12 முதல் 15 வாட் வரை தின்னும். அந்தக் காலச் சக்கர மீட்டர் அவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு அசையாது என்பதால் அந்தப் பெயர். ராத்திரி முழுக்க எரியவிட்டு, வாரியத்தை ஏமாற்றியதாக நாம் சந்தோஷப்பட்டோம்.

இனி எல்இடி. நிக் ஹோலன்யாக் என்ற அமெரிக்கர் 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியைச் செய்தார். நான் அதை முதலில் பார்த்தது கால்குலேட்டரின் சிவப்பு எண்களில். பச்சையும் வந்தது. நீலம் மட்டும் வரவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை வெளிச்சம் செய்ய முடியாது என்பதால், முப்பது வருடம் எல்இடி வெறும் அடையாள விளக்காகவே இருந்தது.

ஜப்பானில் ஷிகோகு தீவில் நிச்சியா என்று ஒரு கம்பெனி. டியூப் லைட்டுக்கும் டிவிக்கும் உள்ளே பூசும் ஒளிப்பொடி செய்கிற இடம். அங்கே ஷூஜி நாகமுரா என்ற பொறியாளர் நீல எல்இடி செய்யப் பணம் கேட்டார். கம்பெனியை நிறுவிய நொபுவோ ஓகாவா கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் அதே பொருளில் ஏற்கெனவே முக்கியமான படிகளைத் தாண்டியிருந்தார்கள். 1993இல் நிச்சியா பிரகாசமான நீல எல்இடியை அறிவித்தது. 1996இல் அந்த நீலத்தின் மேல் மஞ்சள் ஒளிப்பொடியைப் பூசி வெள்ளை எல்இடியையும் கொண்டுவந்தது. மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு.

நாகமுராவுக்குக் கம்பெனி கொடுத்த வெகுமதி 20,000 யென். அன்றைய மதிப்பில் நம் ஊர் குமாஸ்தா போனஸ் அளவுதான். அவர் வழக்குப் போட்டார். 2004இல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் 2005இல் ஏறக்குறைய 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. எங்கள் யூனியன் தலைவருக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல விளக்கு, மேலே மஞ்சள் பூச்சு. பூச்சு மெல்லிதாக இருந்தால் வெளிச்சம் நீல வெள்ளை, அதிக லூமென், குறைந்த விலை. நல்ல பூச்சாக, சிவப்புக்கும் தனியாகப் பொடி கலந்து போட்டால் வெளிச்சம் சூரிய ஒளிக்கு நெருக்கமாக வரும். விலை கூடும், லூமென் கொஞ்சம் குறையும். மலிவு விளக்கில் குறைவது பெரும்பாலும் சிவப்புதான்.

விலை விழுந்த கதை நம் பக்கத்திலேயே தொடங்கியது. 2014இல் புதுச்சேரியில் வீடுகளுக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டு எல்இடி பல்பு கொடுத்தார்கள். மத்திய அரசு நிறுவனமான ஈஈஎஸ்எல் அப்போது ஒரு பல்பை 310 ரூபாய்க்கு வாங்கியது. மொத்தமாக டெண்டர் விட்டு விட்டு 2016இல் அது 38 ரூபாய்க்கு வந்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் பல்புகள் போயின. இரண்டு வருடத்தில் விலை எட்டில் ஒரு பங்காகக் குறைந்த பொருளை நான் என் கவுண்டரில் பார்த்ததில்லை.

மலிவானதும் நாம் என்ன செய்தோம்? 1865இல் ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் நிலக்கரி பற்றி எழுதியதைப் பி.காமில் படித்தேன். நீராவி எஞ்சின் சிக்கனமானதும் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது என்றார். பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினேன். என் வீட்டு உத்தரத்தில் அது எழுதியிருந்தது எனக்குத் தெரியவில்லை.

டவுன்லைட்டின் கதையும் கொஞ்சம். வெளிநாட்டில் கூரைக்குள் விளக்கைப் பதிக்கும் வழக்கம் 1930களிலேயே தொடங்கியது. ரிச்சர்ட் கெல்லி என்ற அமெரிக்க ஒளி வடிவமைப்பாளர் 1952இல் எழுதிய கட்டுரையில் வெளிச்சத்தை மூன்றாகப் பிரித்தார். அறை முழுக்கப் பரவும் மெல்லிய வெளிச்சம் ஒன்று, பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் விழுவது ஒன்று, மினுக்கிக் கண்ணைக் கவர்வது ஒன்று. டவுன்லைட் இரண்டாவது வகைக்கு ஏற்றது. நம் கான்கிரீட் தளத்தில் உள்ளே பதிக்க இடமே கிடையாது. அதனால் நாம் அதை முதலில் பார்த்தது நட்சத்திர ஹோட்டலிலும் நகைக்கடையிலும் பட்டுக்கடையிலும். அங்கே ஆலஜன் விளக்கு, ஒன்று 50 வாட், கீழே நின்றால் உச்சந்தலை சுடும். எல்இடி வந்து சூடு குறைந்ததும், ஜிப்சம் போர்டு வந்து கூரைக்குக் கீழே பொந்து கிடைத்ததும், கடை வெளிச்சம் வீட்டுக்குள் நுழைந்தது. முதல் வகைக்கும் மூன்றாவது வகைக்கும் சேர்த்து அதையே மாட்டினோம்.

என் ஹால் 15க்கு 12 அடி. முன்பு இரண்டு டியூப் லைட், மொத்தம் 4,800 லூமென், சோக்கையும் சேர்த்து 105 வாட் அளவு. எலக்ட்ரீசியன் பதினான்கு டவுன்லைட் சொன்னார், நான் தலையாட்டினேன். ஒவ்வொன்றும் 15 வாட், 6,500 கெல்வின் பளீர் வெள்ளை. மொத்தம் 210 வாட், 18,000 லூமென். சிக்கனத்துக்காக எல்இடி போட்டவன் ஹாலின் மின்சாரத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அம்மா மட்டும், "ஏண்டா, நகைக்கடையில உட்கார வச்ச மாதிரி இருக்கே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது.

வயதானவர்கள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்கிறார்கள். லென்ஸ் மஞ்சளித்துக் கலங்கிவிடுவதும் ஒரு காரணம். அதனால் அதிக வெளிச்சம் வேண்டும் என்று நினைப்போம், அது பாதிதான் சரி. கலங்கிய லென்ஸில் நேராகப் படும் ஒளி சிதறிக் கண் கூசும். படிக்கிற தாளில் வெளிச்சம் வேண்டும், கண்ணில் படக் கூடாது.

2021இல் ஒரு ராத்திரி, அம்மாவுக்கு அப்போது 84 வயது, ரத்த அழுத்த மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொண்டுவிட்டாள். ஒன்று வெளிர் ரோஸ், இன்னொன்று வெளிர் ஆரஞ்சு. இரண்டும் ஒரே அளவு. சமையலறை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. மறுநாள் ஹாலில் அந்த இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எனக்கே இரண்டும் வெளுத்த ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. பால்கனிக்கு எடுத்துப் போனதும் ரோஸ் தனி, ஆரஞ்சு தனி. அம்மாவுக்குக் கண்புரை இருந்தது, அதுவும் காரணம்தான். எல்லாப் பழியையும் விளக்கின் மேல் போட மாட்டேன். ஆனால் மாத்திரை டப்பாவை அந்த வெளிச்சத்தில் வைத்தவன் நான்.

நிறத்தைச் சரியாகக் காட்டும் தகுதிக்கு ஓர் அளவு இருக்கிறது. சிஆர்ஐ என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும். சர்வதேச ஒளியியல் குழு 1965இல் ஏற்றுக்கொண்ட முறை. எட்டு வெளிர் நிறங்களை அந்த விளக்கில் பார்த்து, மூல ஒளியோடு ஒப்பிட்டுச் சராசரி போடுவார்கள். நூறு என்றால் முழு மார்க். சராசரிக்குள் எதுவும் ஒளிந்துகொள்ளும் என்பது கணக்கு எழுதியவர்களுக்குத் தெரியும். அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அதற்கு ஆர்9 என்று தனி மார்க். பெட்டியில் சிஆர்ஐ 80 போட்ட விளக்கில் ஆர்9 பூஜ்ஜியத்தை ஒட்டி இருப்பது சாதாரணம். என் விளக்குப் பெட்டியில் சிஆர்ஐயே போடவில்லை.

அடுத்த பாடம் ஆயுள். பெட்டியில் 25,000 மணி நேரம் என்றிருந்தது. அந்த எண் பொதுவாக எல்இடி சில்லின் வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கும் காலம். சில்லு சாவதில்லை, பக்கத்தில் இருக்கும் டிரைவர் என்ற சின்னப் பெட்டிதான் சாகிறது. ஃபால்ஸ் சீலிங்குக்குள் காற்று கிடையாது. மேலே மொட்டை மாடி, சித்திரை வெயில். டிரைவருக்குள் இருக்கும் கெபாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும். வீடு முழுக்கப் போட்ட 42 விளக்கில் மூன்று வருடத்துக்குள் 13 போய்விட்டன. கடைக்குப் போனால், "அந்த மாடல் இப்போ வர்றதில்லை சார்". புது விளக்கின் வட்டம் சிறியது, சீலிங்கில் ஓட்டை பெரியது. சுற்றிலும் பிறை மாதிரி இருட்டு. வாரண்டி கேட்டேன். பில் எங்கே என்றார்கள். எலக்ட்ரீசியன் கொடுத்த துண்டுச் சீட்டில் தேதியும் இல்லை, கடைப் பெயரும் இல்லை. வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் பாஸ் பண்ணாதவன் நான்!

எல்லாவற்றையும் கழற்றி 2022இல் மறுபடி செய்தேன். இப்போது ஹாலில் ஆறு டவுன்லைட், 8 வாட், 3,000 கெல்வின், சிஆர்ஐ 90க்கு மேல். சில்லு ஆழத்தில் பதிந்திருக்கும் வகை என்பதால் சோஃபாவில் உட்கார்ந்தால் வெளிச்சம் தெரியும், விளக்கு தெரியாது. சுவர் ஓரத்தில் ஒரு சாதாரண எல்இடி பட்டன் அறை முழுக்கப் பரவலாக வெளிச்சம் தருகிறது. மூன்று ஸ்விட்ச் தனித்தனியாக. அம்மா மாத்திரை எடுக்கும் மேஜைக்கு நேர் மேலே மட்டும் 4,000 கெல்வின், சிஆர்ஐ 95. சமையல் மேடைக்கும் அப்படியே.

நீங்கள் எலக்ட்ரீசியனுக்குப் பதில் சொல்வதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்டைக் கேட்காதீர்கள், லூமெனைக் கேளுங்கள். 38 டிகிரி கோண விளக்கு எட்டடி உயரத்திலிருந்து தரையில் ஐந்தரை அடி வட்டம்தான் போடும், அதனால் நாற்காலி, மேஜை எங்கே வரும் என்று முதலில் தரையில் சாக்பீஸால் போட்டுவிட்டுப் பிறகு கூரையைப் பாருங்கள். ஓட்டையின் அளவு பல கம்பெனிகளிலும் கிடைக்கும் அளவாக இருக்கட்டும். டிரைவர் தனியாக இருந்து, ஓட்டை வழியாக இழுத்து மாற்றக்கூடியதாக இருக்கட்டும். ஐஎஸ் 10322 என்ற தர எண்ணும், பிஐஎஸ் முத்திரையின் கீழ் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்தால் கறுப்புக் கோடுகள் அழுத்தமாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வெளிச்சம் நடுங்குகிறது, வேண்டாம். பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். ஒரே மாடலில் இரண்டு விளக்கு அதிகமாக வாங்கிப் பரணில் போடுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் மாடிப்படி விளக்குகளை மாற்றும் தீர்மானம் வருகிறது. கொட்டேஷன் மூன்றிலும் வாட் மட்டும்தான் இருக்கிறது, லூமெனும் சிஆர்ஐயும் இல்லை. கேட்டு வாங்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று நிற விளக்குகளை ஒரு பலகையில் மாட்டி என் வீட்டில் வைத்திருக்கிறேன். வாங்குவதற்கு முன் வந்து உங்கள் கையையும், ஒரு தக்காளியையும், வீட்டில் இருக்கிற மாத்திரைகளையும் அதன் கீழே வைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் வாருங்கள், பகலில் வித்தியாசம் தெரியாது.